ஒளி பட்டால் கொல்லும் சாயங்கள்: எந்த இடத்துக்கு எது?

"ஐந்தே நிமிடத்தில் 99.999 சதவீத பாக்டீரியா காலி." ஒளியால் செயல்படும் கிருமிநாசினிகளைப் பற்றிய விளம்பரமோ செய்தியோ பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அந்த எண் பொய் இல்லை. மெத்திலீன் புளூ, போர்பிரின், ஃபீனலீனோன் என்று இதற்குப் பயன்படும் சாயங்களில் எதை எடுத்தாலும் ஆய்வகத்தில் அந்த எண்ணை எட்டிய பதிவு இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மருத்துவமனைக் கட்டிலின் கைப்பிடியில் ஒன்றைப் பூசலாமா, ஆறாத புண்ணில் ஒன்றைத் தடவலாமா, காய்கறி கழுவும் தொட்டியில் ஒன்றைக் கலக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர், எல்லாமே 99.999 என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

சேர்மத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் இடத்தைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். அங்கே எவ்வளவு ஒளி விழுகிறது? எவ்வளவு அழுக்கு? ஈரமா, காய்ந்த பரப்பா? தண்ணீரில் என்ன உப்பு? எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? இவ்வளவும் தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதிப் பெயர்கள் தாமாகவே கழன்றுவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. மியூனிக்கில் ஹெர்மன் வான் டாப்பெய்னரிடம் படித்துக்கொண்டிருந்த ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று அளந்தார். அதே அளவு சாயம்தான், ஆனால் சாகும் நேரம் மட்டும் நாளுக்கு நாள் மாறியது. காரணம் அறைக்குள் வந்த வெளிச்சம் என்று பிடித்து 1900-ல் வெளியிட்டார். இந்த வேலைக்கு ஆக்சிஜனும் வேண்டும் என்பதை டாப்பெய்னர் அடுத்த சில ஆண்டுகளில் காட்டினார். சாயம், ஒளி, ஆக்சிஜன்: மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒன்றும் நடக்காது. 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த அடிப்படை மாறவில்லை.

நடப்பது இதுதான். சாய மூலக்கூறு ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியடைகிறது. அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்தால் சிங்க்லெட் ஆக்சிஜன் என்ற, வேகமாக வினைபுரியும் ஆக்சிஜன் வடிவம் உருவாகிறது. எலக்ட்ரானைக் கைமாற்றினால் சூப்பராக்சைடு, ஹைட்ராக்சில் போன்ற, எதோடும் வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகள் பிறக்கின்றன. இரண்டுமே பாக்டீரியாவின் சவ்வு, புரதம், டிஎன்ஏ என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. குறிப்பிட்ட ஒரே இடத்தைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் போல இல்லாததால், இதற்கு எதிராகப் பாக்டீரியா நிலையான எதிர்ப்புத்திறனை வளர்த்துக்கொள்வது கடினம். முடியவே முடியாது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மெத்திலீன் புளூவைச் செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளும் பம்புகள் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவற்றிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

ஒரு தூரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீரில் சிங்க்லெட் ஆக்சிஜனின் ஆயுள் மூன்று, நான்கு மைக்ரோவினாடிதான். அதற்குள் அது சுமார் 0.2 மைக்ரோமீட்டர் போகும். ஒரு பாக்டீரியாவின் நீளமே ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். ஆக, சாயம் பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருந்தால்தான் அடி விழும். பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் வீண். காற்றில் கதை வேறு. அங்கே ஆயுள் பல மடங்கு நீள்வதால், காய்ந்த பரப்பில் பூசிய சாயத்திலிருந்து மில்லிமீட்டர் அளவு தூரம் வரைகூட எட்டும். கரைசலாகப் பயன்படுத்துவதும் பூச்சாகப் பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட இரண்டு தனித் தொழில்நுட்பங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளிக் கணக்கு

எந்த விற்பனையாளரிடம் பேசும் முன்பும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆய்வகத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 50 மில்லிவாட் தரும் விளக்கை ஐந்து நிமிடம் காட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 ஜூல். இப்போது அலுவலகத்திலோ வார்டிலோ இருக்கும் 500 லக்ஸ் வெளிச்சத்துக்கு வாருங்கள். வெள்ளை எல்இடி ஒளியில் ஒரு வாட்டுக்குச் சுமார் 300 லூமென் என்று கொண்டால், 500 லக்ஸ் என்பது சதுர செ.மீ.க்கு 0.17 மில்லிவாட்தான். அதே 15 ஜூல் சேர 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆய்வகத்தின் ஐந்து நிமிடம் இங்கே ஒரு முழு நாள்!

அதுவும் விளக்கை அணைக்காமல் இருந்தால். கட்டில் கைப்பிடியின் மேல்பக்கத்துக்குத்தான் இந்தக் கணக்கு. நோயாளியின் விரல்கள் மடங்கிப் பிடிக்கும் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். மேலே விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு அங்கே கிடைப்பதே அரிது. அப்படியானால் பத்து நாள். இரவில் விளக்கை அணைத்தால் இன்னும் கூடும். நேர் வெயிலில் நிலைமை தலைகீழ். கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமே சதுர செ.மீ.க்கு நாற்பது மில்லிவாட்டுக்கு மேல் வருவதால், ஆறு நிமிடத்தில் அதே 15 ஜூல் சேர்ந்துவிடும்.

அலைநீளத்தையும் சேர்த்தால் கணக்கு இன்னும் இறுகும். மெத்திலீன் புளூ 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பை விழுங்கும். வெள்ளை எல்இடியில் அந்தப் பகுதி கொஞ்சம்தான். போர்பிரின் சாயங்களின் வலுவான பட்டை 420-ஐ ஒட்டி இருக்கிறது, ஃபீனலீனோனும் ஊதா ஓரத்தில்தான் வேலை செய்கிறது. சாதாரண வெள்ளை எல்இடியோ 450 நானோமீட்டரில் உச்சம் காட்டி, 430-க்குக் கீழே சட்டென்று சரிந்துவிடும். அந்த 450-ஐ நன்றாக விழுங்குபவை ரிபோஃபிளேவின் வகை ஃபிளேவின்கள். குழல்விளக்குகளை எல்இடியாக மாற்றிவிட்ட கட்டடத்தில், பழைய விளக்கின் கீழ் சோதித்த பூச்சு அதே வேகத்தில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. அறிக்கையில் எந்த விளக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "வெள்ளை ஒளி" என்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இந்தக் கணக்கு ஒரு பிரிவைத் தெளிவாக்குகிறது. விளக்கை நாமே கொண்டுபோகும் இடங்கள் ஒரு பக்கம்: வாய், மூக்கு, புண், பிளாஸ்மா பை. இருக்கும் வெளிச்சத்தை நம்பி இருக்கும் இடங்கள் மறுபக்கம்: கைப்பிடி, மேசை, திரை, சுவர். முதல் பக்கத்தில் ஒளி நம் கையில், அழுக்குதான் பிரச்சினை. இரண்டாவது பக்கத்தில் இரண்டுமே நம் கையில் இல்லை.

அழுக்கும் உப்பும்

ஆய்வகச் சோதனையில் பாக்டீரியாவை வளர்த்து, ஊடகத்தைக் கழுவி நீக்கி, சுத்தமான நீரிலோ, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலிலோ மிதக்கவிட்டுச் சாயம் சேர்ப்பார்கள். இதைவிட வசதியான இலக்கு உலகத்தில் எங்கும் கிடைக்காது. வெளியே பாக்டீரியா தனியாக வருவதில்லை. எச்சில், வியர்வை, சீழ், இரத்தம், மண் என்று ஏதாவது ஒன்றோடுதான் வரும். அதில் இருக்கும் புரதம் மூன்று வகையில் கெடுக்கிறது: சாயத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது, சிங்க்லெட் ஆக்சிஜனைத் தானே உறிஞ்சிவிடுகிறது, அடர்த்தியாக இருந்தால் ஒளியையும் மறைக்கிறது. மேலே சொன்ன 0.2 மைக்ரோமீட்டரை இங்கே பொருத்திப் பாருங்கள். பத்து மைக்ரோமீட்டர் தடிமனில் காய்ந்த எச்சில் படலம் பூச்சின் மேல் இருந்தால், அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவுக்குக் கீழே நடப்பது எதுவுமே தெரியாது.

உப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், காய்ச்சி வடித்த நீரில் வந்த முடிவுகளைக் குழாய் நீருக்கு எடுத்துச் செல்வதில்தான் அதிக ஏமாற்றம் காத்திருக்கிறது. நன்றாக வேலை செய்யும் சாயங்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் வெளிப்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால்தான் இவை போய் ஒட்டுகின்றன. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதே இடங்களுக்குப் போட்டி போடும். சாயம் ஒட்டுவது குறையும், கொல்வதும் குறையும். ஃபிளேவின்களுக்குக் கூடுதலாகப் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் தொந்தரவு. சாயம் ஒளியில் சீக்கிரம் சிதைவதற்குப் பாஸ்பேட் வழிவகுக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் தாங்கல் கரைசலே பாஸ்பேட்தான் என்பதால், ஒரே சாயத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் வேறு வேறு எண் சொல்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் பாக்டீரியாவின் வகை. செல் சுவரின் அமைப்பை ஒட்டி கிராம்-பாசிட்டிவ், கிராம்-நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கிராம்-பாசிட்டிவ் வகையின் சுவர் தடிமனானாலும் துளைகள் கொண்டது. எதிர்மின்னூட்டச் சாயம்கூட உள்ளே போய்விடும். ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் வகைக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு. 1990-கள் வரை இந்தத் துறை அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. நேர்மின்னூட்டம் கொண்ட போர்பிரின், தாலோசயனின் வகைச் சாயங்கள் வந்த பிறகே அந்தச் சவ்வு தடையாக இல்லாமல் போனது. ஸ்டெபிலோகாக்கஸை மட்டும் வைத்துச் சோதித்த அறிக்கையை யாராவது நீட்டினால், சூடோமோனாஸ் எங்கே என்று கேட்பது முறை. சில பாக்டீரியாக்கள் கடின உறைக்குள் ஒடுங்கி உறங்கும் வடிவமான வித்துகள் இன்னும் கடினம். வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வித்துகள் பரவும் வார்டில் இந்தச் சாயங்களை நம்புவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே குளோரின் கரைசல்தான்.

வேட்பாளர்கள்

மெத்திலீன் புளூதான் இந்தக் கூட்டத்தின் மூத்தவர். 1876-ல் உருவானது, 1891-லேயே மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. மனித உடலில் அது என்ன செய்யும் என்பது நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம், அதுவே பெரிய சொத்து. நேர்மின்னூட்டம் உண்டு. சிவப்பு ஒளியில் செயல்படுவதால் திசுவுக்குள் கொஞ்சம் ஆழமாகப் போகும். குறைகளும் உண்டு. தொட்டதையெல்லாம் நீலமாக்கும். அடர்த்தி கூடினால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டு உறிஞ்சும் அலைநீளம் 610 பக்கம் நகர்ந்துவிடும். பாக்டீரியாவே அதை நிறமற்ற வடிவத்துக்கு ஒடுக்கிவிடவும் செய்யும், அந்த வடிவம் சிவப்பு ஒளியைக் கண்டுகொள்ளாது. நிறைய ஊற்றினால் நிறையக் கொல்லும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மேலடுக்குச் சாயமே ஒளியைக் குடித்துவிட்டால் கீழே இருப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ரோஸ் பெங்கால் சிங்க்லெட் ஆக்சிஜன் தயாரிப்பில் மெத்திலீன் புளூவை மிஞ்சும். உறிஞ்சிய நூறு ஃபோட்டான்களில் சுமார் 75 சிங்க்லெட் ஆக்சிஜனாகின்றன, மெத்திலீன் புளூவில் அது ஐம்பதை ஒட்டி. ஆனால் ரோஸ் பெங்கால் எதிர்மின்னூட்டம் கொண்டது. கிராம்-நெகட்டிவ் முன்னால் தடுமாறும். பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் நிலைமை வெகுவாக மாறுகிறது, அயோடின் வகைப் பொருட்கள் உருவாகிச் சாயத்தால் முடியாத வேலையைச் செய்கின்றன. கண்ணின் கருவிழித் தொற்றுக்குப் பச்சை ஒளியோடு இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். வேறெங்கும் இது என் முதல் தேர்வாக இருக்காது.

ஃபீனலீனோன் வகை காகிதத்தில் யாரையும் மயக்கும். உறிஞ்சிய ஃபோட்டான் கிட்டத்தட்ட எல்லாமே சிங்க்லெட் ஆக்சிஜனாகிவிடும். ஒளியில் சீக்கிரம் வெளிறாது. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு இதற்கு நேர்மின்னூட்டக் கைகளை ஒட்டி நன்றாக மேம்படுத்தியிருக்கிறது. ஒளி நிறமாலைதான் இடறும் கல். அது கேட்கும் ஊதா ஒளி சாதாரண அறைகளில் குறைவு.

நேர்மின்னூட்டப் போர்பிரின்கள் நம்பகமானவை, கிராம் வகை எதையும் விடுவதில்லை, பாலிமருக்குள் பொதித்து வைக்கவும் தோதானவை. ரிபோஃபிளேவின் வைட்டமின் பி2, உணவு நிறமூட்டியாகவும் அனுமதி உண்டு. ஆனால் மின்னூட்டம் இல்லாததால் பாக்டீரியாவோடு ஒட்டாது, ஒளியில் தானே சிதைந்து லூமிகுரோம் ஆகிவிடும். மாற்றியமைத்த நேர்மின்னூட்ட ஃபிளேவின்கள் ஒட்டாத குறையைத் தீர்க்கின்றன, சிதைவை முழுதாகத் தீர்ப்பதில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் நீரில் கரைய மறுக்கும், நடுநிலை அல்லது கார நீரில் சீக்கிரம் உடையும். உடைவதே ஒரு வகையில் நல்லது. வேலை முடிந்ததும் போய்விடும், மிச்சம் கிடக்காது.

டைட்டானியம் டை ஆக்சைடு இந்த வரிசையில் சேராதவர். சாயம் இல்லை, குறைக்கடத்தி. ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் நீரைப் பிளந்து காட்டியது, 1985-ல் பாக்டீரியாவைக் கொன்று காட்டப்பட்டது. வெளிறாது, கரையாது, வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா வேண்டும். வெளிச்சுவருக்கும் வெயில் படும் கண்ணாடிக்கும் சரி. எல்இடி விளக்கு மட்டுமே உள்ள அறையில் கலப்படமற்ற டைட்டானியம் பூச்சு வெறும் வெள்ளைப் பெயின்ட்தான்.

சாயமே வேண்டாம் என்றால்?

ஒப்பிடும்போது சாயங்களை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடுவது நியாயமில்லை. 405 நானோமீட்டர் நீல-ஊதா ஒளி பாக்டீரியாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் போர்பிரின்களையே பயன்படுத்திக்கொள்கிறது. எதையும் பூச வேண்டாம், மனிதர்கள் இருக்கும்போதே எரியவிடலாம். ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் இதை மருத்துவமனை அறைகளுக்குக் கொண்டுபோனது. அதற்குக் கொடுக்கும் விலை பொறுமைதான்: சதுர செ.மீ.க்குப் பத்து, நூறு ஜூல் கணக்கில் வேண்டும். 254 நானோமீட்டர் புற ஊதா சி ஒளிக்குப் பத்து மில்லிஜூலுக்குள் ஈ.கோலை பெரும்பாலும் முடிந்துவிடும். வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. ஆனால் அது கண்ணையும் தோலையும் கெடுக்கும், பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும், ஆளில்லாத நேரத்தில்தான் போட முடியும். நிழலில் எட்டாது என்ற குறை எல்லா ஒளிக்கும் பொது.

செம்புக் கலவைப் பரப்பை மறந்துவிட வேண்டாம். 2008-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீத பாக்டீரியாவைக் கொல்லும் என்ற உரிமைகோரலோடு இவற்றைப் பதிவு செய்தது. செம்புக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதான். கைப்பிடியின் அடிப்பக்கத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டால், நான் தயங்காமல் செம்பைச் சொல்வேன்.

இனி இடம் இடமாக

மூக்கில் இருக்கும் ஸ்டெபிலோகாக்கஸை அறுவை சிகிச்சைக்கு முன் அகற்றுவது, என் பார்வையில், இந்தத் தொழில்நுட்பம் தன் இடத்தைச் சரியாகக் கண்டுகொண்ட உதாரணம். வழக்கமான மாற்று மியூபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு: ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நாள். நோயாளி தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும், எதிர்ப்புத்திறன் வேறு வளர்கிறது. ஒளி முறையில் 0.01 சதவீத மெத்திலீன் புளூவை நாசியில் தடவி, 670 நானோமீட்டர் சிவப்பு ஒளியைச் சில நிமிடம் காட்டினால் முடிந்தது. அறுவைக்குச் சற்று முன்பு செவிலியரே செய்துவிடலாம். வான்கூவர் பொது மருத்துவமனையில், உடலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பதோடு இதையும் சேர்த்துச் செய்தபோது அறுவைப் புண் தொற்று 2.7 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது என்று 2014-ல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டது முந்தைய ஆண்டுகளின் நோயாளிகளோடு என்பதையும், இரண்டு மாற்றங்கள் ஒன்றாகச் செய்யப்பட்டன என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணை எடைபோட வேண்டும். ஆனாலும் ஏன் இங்கே வேலை செய்கிறது என்பது புரிகிறது: சிறிய இடம், விளக்கு கையில், நேரம் கட்டுக்குள், இலக்கு கிராம்-பாசிட்டிவ், அழுக்கு குறைவு.

ஈறு நோயில் இதே சாயம், இதே சிவப்பு ஒளி. ஆனால் ஈறுப் பையில் இரத்தமும், பாக்டீரியாக்கள் திரண்டு ஒட்டிய படலமான பயோஃபிலிமும் இருக்கின்றன, ஆழத்தில் ஆக்சிஜனும் குறைவு. பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறாத புண்ணும் அப்படியே. முதலில் இறந்த திசுவை நீக்கி, கழுவி, பிறகுதான் சாயம். அடியிலிருக்கும் நல்ல செல்களையும் சிங்க்லெட் ஆக்சிஜன் தொடும் என்பதால் அடர்த்தியும் நேரமும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

இரத்தப் பொருட்களில் ஒளி முறை சத்தமில்லாமல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. மெத்திலீன் புளூ சேர்த்த பிளாஸ்மா 1990-களிலிருந்து ஐரோப்பாவில் இருக்கிறது. அமோட்டோசாலன் என்ற சேர்மமும் புற ஊதா ஏ ஒளியும் சேர்ந்த முறைக்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. அமோட்டோசாலன் ஆக்சிஜனை நம்பியில்லை, நேராக டிஎன்ஏ இழைகளைக் கோத்துவிடுகிறது. பை தெளிவானது, தடிமன் தெரியும், ஒளி அளக்கப்பட்டது. நிஜ உலகம் என்றாலும் ஆய்வகம் அளவுக்குக் கட்டுக்கோப்பானது.

கை படும் பரப்புகள்தான் எல்லோரும் ஆசைப்படும் இடம். இங்கே 99.999 சதவீதத்தை எதிர்பார்ப்பதே தப்பு. மருத்துவமனைப் பரப்பில் சதுர செ.மீ.க்கு 2.5 முதல் 5 வரை வளரக்கூடிய பாக்டீரியா என்பது பேசப்படும் வரம்பு. பத்தை இரண்டாக்கினால் போதும், பத்து லட்சத்தைப் பத்தாக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அடக்கமான வேலையை ஒளிப் பூச்சு செய்யக்கூடும். ஜெர்மனியில் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2020-ல் வெளிவந்த கள ஆய்வு, பூசிய பரப்புகளில் பாக்டீரியா சுமை குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆக, பூச்சு என்பது இரண்டு துடைப்புகளுக்கு நடுவே நிற்கும் காவலாள். துடைப்பைக் குறைக்க அதைக் காரணமாக்கினால், அழுக்குப் படலம் ஏறி, காவலாளையும் சேர்த்து மூடிவிடும். நல்ல வெளிச்சம் விழும், வழவழப்பான, அடிக்கடி துடைக்கும் மேல்பரப்புகளுக்குப் பூசலாம். மூலை, அடிப்பக்கம், இரவெல்லாம் இருட்டாக இருக்கும் அறை என்றால் வேண்டாம்.

உணவில் குர்குமின், ரிபோஃபிளேவின், பச்சையத்திலிருந்து வரும் குளோரோஃபிலின் ஆகியவற்றின் கவர்ச்சி, அவை ஏற்கெனவே உணவுப் பொருட்களாக ஏற்கப்பட்டவை என்பதே. வழவழப்பான தோல் கொண்ட பழத்துக்கு இது நடக்கும். மடிப்பும் சுருக்கமும் நிறைந்த கீரை இலைக்கு ஒளி எட்டாது. கொழுப்பு உள்ள உணவில் ஒரு விபரீதம் உண்டு: ஒளி பட்ட பாலில் வாடை மாறுவதற்குக் காரணமே அதிலுள்ள ரிபோஃபிளேவின் செய்யும் இதே வேலைதான். பாக்டீரியாவைக் கொல்லும் ஆக்சிஜன் கொழுப்பையும் விட்டுவைக்காது.

குடிநீர் பற்றி சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வேண்டாம். சாயத்தைக் கலந்தால் பிறகு நீக்க வேண்டும், மணிகளில் பிணைத்தால் பாக்டீரியாவுக்கு எட்டாது, கால்சியம் வேறு போட்டி. குளோரின் குழாய் முடிவு வரை கூடவே வரும். புற ஊதா சி ஒளிக்கு 40 மில்லிஜூல் என்ற அளவு குடிநீர்ச் சுத்திகரிப்பில் நிலைபெற்ற ஒன்று. இரண்டும் இல்லாத இடத்தில்கூட, தெளிந்த நீரைப் பெட் பாட்டிலில் ஊற்றி ஆறு மணி நேரம் நேர் வெயிலில் வைக்கும் முறை எந்தச் சாயமும் இல்லாமல் வேலை செய்கிறது. மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். கலங்கல் நீரை மட்டும் முதலில் தெளிய வைக்க வேண்டும்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும்

பூச்சுகளுக்குக் காட்டப்படும் சான்றிதழ்களில் ஐஎஸ்ஓ 22196 என்ற சர்வதேசச் சோதனைத் தரம் அடிக்கடி வரும். அந்தச் சோதனையில் திரவத் துளியைப் படலத்தால் மூடி, 35 டிகிரியில், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைப்பார்கள். ஒளியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, காய்ந்த கைப்பிடிக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. அறை ஒளியில் செயல்படும், டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைக்கடத்தி ஒளிவினையூக்கிகளுக்கு ஐஎஸ்ஓ 17094 என்று தனியாக இருக்கிறது. புற ஊதாவுக்கு 27447. எதன் கீழ் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது இருட்டுச் சோதனை. சாயமும் ஒளியும், சாயம் மட்டும், ஒளி மட்டும், இரண்டும் இல்லாமல் என்று நான்கு எண்கள் இருக்க வேண்டும். பல பூச்சுகளில் பிணைப்புப் பொருளாக வரும் அம்மோனியச் சேர்மங்களே இருட்டில் பாதி வேலையைச் செய்துவிடும். அப்படி இருந்தால் ஒளிக்கென்று தனியாகப் பணம் கொடுப்பானேன்? புரதம் சேர்த்துச் சோதித்தார்களா, குழாய் நீரிலா, கிராம்-நெகட்டிவ் உண்டா, எத்தனை லக்ஸ், எந்த விளக்கு என்பவை அதே பக்கத்தில் இருந்தால் மகிழ்ச்சி.

கடைசியாக, வெளிறுவதைப் பற்றிக் கேளுங்கள். மெத்திலீன் புளூ செயலிழந்தால் நீலம் மங்குவது கண்ணுக்கே தெரியும். நிறமற்ற பூச்சு என்று பெருமையாக விற்கப்படுவது ஆறு மாதம் கழித்து உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. எத்தனை துடைப்புக்குப் பிறகு, எத்தனை மணி நேர வெளிச்சத்துக்குப் பிறகு மறுபூச்சு, அதை எந்தக் கருவியால் யார் சோதிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.